நியமத்துள் அடங்குவதும் அடங்காததும்: கணினி மொழிகளின் பொறிசார் கூறுகள் பற்றி ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், வயற்பரப்பை விதைப்பளவாற் குறிப்பிடும் மரபு நெடுங்காலம் நிலவியது. ஓர் அவண வயல் என்றால், ஓர் அவண நெல்லை விதைப்பதற்குப் போதிய நிலம் என்பதே பொருள். இங்கு விதையின் அளவு கூறப்பட்டதேயன்றி நிலத்தின் பரப்புக் கூறப்படவில்லை. மண்ணின் வளத்துக்கும் விதைக்கும் முறைக்கும் ஏற்ப ஒரே அவணம் வெவ்வேறு பரப்பைக் குறிக்கலாம். உழவனுக்கு இதனால் இடர் நேரவில்லை. அவன் அறிய விரும்பியது எவ்வளவு விதை வேண்டும் என்பதையே. ஆனால் நிலத்தை அளந்து உறுதி எழுதவும் வரி விதிக்கவும் முற்பட்டோருக்கு அவ்வளவை போதவில்லை. ஏக்கரும் பின்னர் எக்டேரும் இத்தேவையின் வழி வந்தவையே. எனவே ஓர் அளவை இடத்துக்கிடம் வேறுபடுவது தன்னளவில் குறையன்று. அதனை யார், எதற்காகக் கையாள்கின்றனர் என்பதைக்கொண்டே அது குறையா அன்றா என்பது தீர்மானிக்கப்படுகின்றது.

அளவையில் மட்டுமன்றிப் பெயரிலும் இச்சிக்கல் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ஒரு பொருளிலுள்ள சடத்தின் அளவு 'திணிவு' எனவும், அதன்மீது புவியீர்ப்பு உஞற்றும் விசை 'நிறை' எனவும் வழங்கப்படும். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ முன்னையது 'நிறை', பின்னையது 'எடை'. ஆகவே 'நிறை' என்னும் ஒரே சொல் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் இருவேறு பௌதிகக் கணியங்களைக் குறிக்கின்றது. புதிய சொல் வாசகனை நிறுத்திச் சிந்திக்க வைக்கும்; பழகிய சொல் வேறுபொருளில் வரும்போது அவன் நிற்காமலே பிழைபட வாசித்துச் செல்வான். வேறுபாட்டின் ஆபத்து அது வெளித்தெரியாதிருப்பதிலேயே தங்கியுள்ளது.

கணினி மொழிகளுக்கு நியமம் வகுக்கும் குழுக்கள் கடந்த அறுபதாண்டுகளுக்கு மேலாக எதிர்நோக்கிவரும் வினாவும் இதுவே. ஒரு மொழியின் கூறுகளிற் சில, அம்மொழி இயங்கும் பொறியையும் பணிசெயல் முறைமையையும் சார்ந்து வேறுபடுவன. அவற்றுள் எவற்றை நியமம் ஒரே தன்மையவாக வரையறுத்தல் வேண்டும்? எவற்றைப் பொறியின் விருப்புக்கு விடலாம்? எவற்றை நியமத்துக்கு வெளியே நிறுத்துதல் வேண்டும்? இவ்வினாக்களைச் சில வரலாற்று உதாரணங்களின் துணையுடன் நோக்குவதும், தமிழ் எழுத்துக்கு இவற்றோடுள்ள தொடர்பைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பொறியிலிருந்து மொழி பிரிந்தமை

உயர்நிலைக் கணினி மொழிகளுள் முதலிற் பரவலான வழக்கைப் பெற்ற போர்ட்ரான், ஐ.பி.எம். 704 என்னும் ஒரு குறிப்பிட்ட பொறிக்காகவே ஆக்கப்பட்டு 1957இல் வெளியிடப்பட்டது. அப்பொறியின் முகப்பில் இருந்த ஆளிகள் எந்நிலையில் உள்ளன, விளக்குகள் எரிகின்றனவா என்பவற்றைச் சோதிக்கும் கூற்றுகள் அம்மொழியின் இலக்கணத்திலேயே இடம்பெற்றிருந்தன. பொறியும் மொழியும் அன்று வேறாக எண்ணப்படவில்லை. பல நிறுவனங்களின் பொறிகளில் அம்மொழி வழங்கத் தொடங்கிய பின்னரே இவற்றுள் எது மொழி, எது பொறி என்னும் வினா எழுந்தது. 1966இல் அமெரிக்க நியமமாக அது வெளிவந்தபோது ஆளிகளையும் விளக்குகளையும் பற்றிய கூற்றுகள் விலக்கப்பட்டன. அவற்றை விலக்கியதால் கணித்தலுக்கு இழப்பேதும் நேரவில்லை.

வணிகத் தேவைகளுக்காக 1960இல் வெளிவந்த கோபோல் வேறொரு வழியைக் கையாண்டது. அம்மொழியில் எழுதப்படும் செய்நிரல் நான்கு பிரிவுகளைக் கொண்டது. அவற்றுள் 'சூழல்' என்னும் பிரிவு, செய்நிரல் எப்பொறியில் தொகுக்கப்படும், எப்பொறியில் இயங்கும், கோப்புகள் எச்சாதனங்களில் உள்ளன என்பவற்றைக் கூறுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. பொறிசார் செய்திகளை முற்றாக நீக்க இயலாதெனின், அவற்றை ஓரிடத்தில் திரட்டி வெளிப்படையாக எழுதுவித்தல் வேண்டும் என்பதே இதன் அடிப்படை. வேறொரு பொறிக்கு மாறும்போது எங்கே திருத்தவேண்டும் என்பது இதனால் ஓரளவு முன்கூட்டியே புலனாகும். விலக்குதல், ஒதுக்கிவைத்தல் என்னும் இவ்விரு வழிகளும் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டன எனலாம்.

2. சீ மொழியின் அனுபவம்

இப்பிரச்சினை முழு வடிவத்தையும் பெறுவது சீ மொழியிலேயாகும். டெனிஸ் றிச்சி என்பவரால் பெல் ஆய்வுகூடத்தில் 1970களின் தொடக்கத்தில் ஆக்கப்பட்ட இம்மொழி பி.டி.பி. 11 என்னும் சிறு கணினியில் வளர்ந்தது. 1978இல் அம்மொழி பற்றிய முதல் நூல் வெளிவந்தபோதே அது நான்கு வகைப் பொறிகளில் வழங்கிற்று. பி.டி.பி. 11இல் ஒரு முழுவெண் 16 பிற்றுகளைக் கொண்டிருந்தது; ஐ.பி.எம். 370இலும் இன்ரர்டேற்றா பொறியிலும் 32 பிற்றுகளைக் கொண்டிருந்தது. ஹனிவெல் 6000இலோ 36 பிற்றுகளைக் கொண்டிருந்தது. அக்கடைசிப் பொறியில் ஒரு வரியுருவே 9 பிற்றுகளாலானது.

இத்தகைய மொழிக்கு நியமம் வகுப்பதற்காக 1983இல் அமெரிக்காவில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1989இல் நியமம் வெளிவந்தது. முழுவெண்ணின் அளவை அந்நியமம் நிர்ணயிக்கவில்லை. குறைந்தது 16 பிற்றுகள் இருத்தல் வேண்டும் என்றும், பொறியின் அமைப்புக்கு இயல்பான அளவினதாக இருத்தல் வேண்டும் என்றும் மட்டுமே கூறியது. மேலே கூறிய அவணத்தை இது ஒத்தது. பொறியின் வேகத்தை முழுமையாகப் பயன்படுத்த விரும்புவோனுக்கு இவ்வளவை பொருத்தமானது. ஒரு பொறியில் எழுதிய கோப்பை வேறொன்றில் வாசிக்க விரும்புவோனுக்குப் போதாதது. பிந்தியோரின் தேவைக்காக 1999ஆம் ஆண்டு நியமத்தில், 8, 16, 32, 64 எனப் பிற்றளவு திட்டமாகக் கூறப்பட்ட முழுவெண் வகைகள் சேர்க்கப்பட்டன. அவணத்தை ஒழிக்காமலே எக்டேரும் தரப்பட்டது.

1989ஆம் ஆண்டு நியமத்தின் சிறப்பான பங்களிப்பு, வேறுபாடுகளை மூவகைப்படுத்தியமையாகும். முதலாவது வகை, தொகுப்பானை ஆக்குவோர் தாமே தீர்மானித்து, அத்தீர்மானத்தை ஆவணப்படுத்தவேண்டிய கூறுகள். முழுவெண்ணின் அளவு இவ்வகையினது. இரண்டாவது வகை, சில வழிகளுள் எதனையும் பின்பற்றலாம், ஆயின் எதனைப் பின்பற்றினர் என அறிவிக்கவேண்டியதில்லை என விடப்பட்டவை. ஒரு கோவையின் உறுப்புகள் எவ்வொழுங்கில் மதிப்பிடப்படும் என்பது இதற்கு உதாரணம். மூன்றாவது வகை, நியமம் எவ்விதக் கட்டுப்பாட்டையும் விதிக்காதவை. குறியுடைய முழுவெண்களைக் கூட்டும்போது விடை அவ்வகையின் கொள்ளளவை மிஞ்சினால் என்ன நிகழும் என்பது இம்மூன்றாவது வகையைச் சாரும்.

மூன்றாம் வகை தோன்றியதற்கும் ஒரு நியாயம் இருந்தது. அன்று குறை எண்களைச் சில பொறிகள் இரண்டின் நிரப்பியாகவும், சில ஒன்றின் நிரப்பியாகவும், சில குறியும் பருமனுமாகவும் குறித்தன. கொள்ளளவு மிஞ்சும்போது சில பொறிகள் சுழன்று மறுமுனைக்குச் சென்றன; சில நின்றுவிட்டன. குழுவினர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்திருப்பின் ஏனைய பொறிகளை உடையோர் நியமத்துக்கு வெளியே தள்ளப்பட்டிருப்பர். ஆயினும் பொறிகளின் பன்மைக்கு இடங்கொடுப்பதற்காக விடப்பட்ட இவ்வெற்றிடம் பிற்காலத்தில் வேறொரு பயனுக்கு ஆளாயிற்று. கொள்ளளவு மிஞ்சுதல் நிகழவே நிகழாது எனக் கொண்டு செய்நிரலை வேகப்படுத்தும் உரிமையைத் தொகுப்பான்கள் இதிலிருந்து பெற்றன. மிஞ்சியதா எனக் கூட்டலின் பின்னர் சோதிப்பதற்காக எழுதப்பட்ட வரிகளையே தேவையற்றவையெனத் தொகுப்பான் நீக்கிவிடும் நிலையும் ஏற்பட்டது. வெற்றிடத்தை விட்டவரின் கருத்து வேறு. அதனை நிரப்பியவரின் கருத்து வேறு.

காலப்போக்கில் இரண்டின் நிரப்பியல்லாத பொறிகள் பொதுவழக்கினின்றும் மறைந்தன. 2024இல் வெளிவந்த சீ நியமம் அம்முறை ஒன்றையே ஏற்றது. ஆனால் கொள்ளளவு மிஞ்சும்போது நிகழ்வது யாது என்பது அதிலும் வரையறுக்கப்படாமலே விடப்பட்டுள்ளது. பொறிவேறுபாடு நீங்கிய பின்னரும், அதன்பேரால் பெறப்பட்ட சலுகை நீங்கவில்லை. இச்சலுகையால் நன்மை பெறுவோர் யார், இழப்பைச் சுமப்போர் யார் என்று கேட்பது பொருத்தமானதாகும்.

காலத்தைக் குறிக்கும் வகை பற்றிய தீர்மானம் இன்னோர் உதாரணம். அதன் அளவையும் குறிப்பு முறையையும் சீ நியமம் தொகுப்பானிடமே விட்டது. பல முறைமைகள் 1970 சனவரி 1 முதற் கழிந்த செக்கன்களை 32 பிற்றுகள் கொண்ட முழுவெண்ணிற் குறித்தன. அவ்வெண் 2038 சனவரி 19இல் நிரம்பிவிடும். திருத்தப்படாத முறைமைகள் அதன் பின்னர் 1901ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிடக் கூடும். நியமம் விட்ட இடைவெளிக்கான விலையை, அதனை வகுத்தோரன்றிப் பின்னொரு தலைமுறையே செலுத்த நேர்கின்றது.

3. இறுக்கமான நியமம்

இவற்றுக்கு மாறாக, எல்லாவற்றையும் நியமமே நிர்ணயித்துவிட்டால் என்ன? 1990களின் நடுப்பகுதியில் வெளிவந்த ஜாவா மொழி இவ்வழியைத் தேர்ந்தது. முழுவெண் எப்பொறியிலும் 32 பிற்றுகளே, மிஞ்சினால் சுழலும், மதிப்பீட்டு ஒழுங்கு இடமிருந்து வலம். மிதக்கும் தசம எண்களுக்கும் அது ஒரே விடையை வற்புறுத்தியது. ஆனால் அன்று பெருவழக்கிலிருந்த இன்ரெல் பொறிகள் இவ்வெண்களை உள்ளே 80 பிற்றுகளிற் கணித்தன. நியமம் வேண்டிய விடையைப் பெறுவதற்கு ஒவ்வொரு படியிலும் விடையைக் குறுக்கவேண்டியிருந்தமையால் வேகம் குன்றியது. 1998இல் ஜாவா பணிந்தது: பொறியின் போக்குக்கு ஓரளவு இடங்கொடுத்து, கண்டிப்பான விடையை வேண்டுவோர் அதனைத் தனியே குறிப்பிடுமாறு விதித்தது. பின்னர் பொறிகளே மாறின. குறுக்கும் தேவையற்ற புதிய கணிப்புறுப்புகள் அவற்றில் இடம்பெற்றன. 2021இல் ஜாவாவின் 17ஆம் பதிப்பு கண்டிப்பான விதியையே மீண்டும் எங்கும் நிலைநாட்டியது.

பொறியின் இன்றைய நிலை நிலையானதன்று. நியமம் பொறியைப் பின்பற்றுவது போலவே பொறியும் நியமத்தைப் பின்பற்றக்கூடும். ஆயினும் இறுக்கத்துக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலையைச் செலுத்த இயலாத காலத்தில் தளர்வு தேவைப்பட்டது என்பதையும் மறுத்தற்கில்லை. தளர்வு வந்தபோது அது மொழியில் வெளிப்படையாகப் பெயரிடப்பட்டமை கவனிக்கத்தக்கது. எனவேதான் பின்னர் அதனை நீக்குதலும் எளிதாயிற்று.

4. எழுத்தும் ஒரு பொறிசார் கூறே

இதுவரை எண்களைப் பற்றியே கூறினோம். எழுத்துகளும் பொறியைச் சார்ந்தவையே என்பது பலராற் கவனிக்கப்படுவதில்லை. ஐ.பி.எம். பெருங்கணினிகளின் குறிமுறையில் ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகள் தொடர்ச்சியாக அமைவதில்லை. இடையிடையே வெற்றிடங்கள் உண்டு. ஆனால் 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள் அறியப்பட்ட எல்லாக் குறிமுறைகளிலும் தொடர்ச்சியாகவே அமைந்தன. ஆகவே சீ நியமம் இலக்கங்களின் தொடர்ச்சியை உறுதிப்படுத்தியது. எழுத்துகளின் தொடர்ச்சியை உறுதிப்படுத்தவில்லை. எங்கும் உண்மையானதை விதியாக்கி, எங்கும் உண்மையல்லாததை விடுத்த இத்தீர்மானம் சிறந்ததோர் உதாரணமாகும்.

அடைப்புக்குறிகளின் வரலாறு வேறுவகையினது. அன்றைய சர்வதேசக் குறிமுறையில் சில இடங்கள் ஒவ்வொரு நாடும் தன் எழுத்துகளை இட்டுக்கொள்வதற்கென விடப்பட்டிருந்தன. டென்மார்க்கில் சதுர, நெளி அடைப்புக்குறிகளின் இடங்களில் டேனிய எழுத்துகள் இருந்தன. சீ மொழியோ அவ்வடைப்புக்குறிகள் இன்றி இயங்காதது. ஆகவே 1989ஆம் ஆண்டு நியமம் இரு வினாக்குறிகளோடு வேறொரு குறியைச் சேர்த்து அடைப்புக்குறியாகக் கொள்ளும் முக்குறிகளைப் புகுத்தியது. அழகற்ற ஏற்பாடுதான்; பின்னர் தேவை குன்றியதும் புதிய சீ நியமத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் சிறிய ஐரோப்பிய நாடுகளின் சாவிப்பலகைகளுக்காக உலகின் எல்லாத் தொகுப்பான்களும் சிரமப்பட வேண்டும் என ஒரு நியமக்குழு தீர்மானித்தது என்பது நினைவில் நிற்றல் வேண்டும்.

தமிழின் நிலை என்ன? 1991இல் யுனிக்கோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999ஆம் ஆண்டுச் சீ நியமம், மாறிகளின் பெயர்களிற் பயன்படுத்தத்தக்க எழுத்துகளின் பட்டியலில் தமிழையும் சேர்த்தது. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதில் அடங்கின. தாளளவில் இது முழுமையான ஏற்பாகும். ஆனால் அவ்வெழுத்துகளை நேரடியாகக் கோப்பில் எழுதலாமா என்பதை நியமம் தொகுப்பானிடம் விட்டது. கட்டாயமாக்கப்பட்ட வழி, ஒவ்வொரு குறியையும் அதன் பதினறும எண்ணால் எழுதுவதேயாம். 'மீன்' என்னும் இரண்டெழுத்துச் சொல் மகரம், ஈகாரக் குறி, னகரம், புள்ளி என நான்கு குறியெண்களாலானது. முன்னொட்டுகளோடு அதனை எழுதுவதற்கு 24 வரியுருக்கள் தேவை. எம்மாணவன் இவ்வாறு எழுதுவான்? பெருவழக்கிலுள்ள ஜீ.சீ.சீ. தொகுப்பான் இத்தகைய பெயர்களை நேரடியாக எழுத இடமளித்தது 2020இல் வெளிவந்த பத்தாம் பதிப்பிலேயாகும். நியமம் வழங்கிய உரிமை நடைமுறைக்கு வர 21 ஆண்டுகள் சென்றன. இடையில் நின்ற தடை 'பொறிசார் கூறு' என்னும் ஒரு வகைப்பாடேயாகும்.

கூகுள் நிறுவனத்தார் ஆக்கிய கோ மொழியில் நிலைமை வேறு. 2012இல் முதற்பதிப்பாக வெளிவந்த அம்மொழி, பெயர்களில் யுனிக்கோட் 'எழுத்து' என வகைப்படுத்தியவற்றையும் இலக்கங்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே அனுமதித்தது. தமிழில் உயிர்களும் அகரமேறிய மெய்களும் எழுத்துகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 'சேர்குறிகள்' என வேறாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. இதன் விளைவாக, அவ்விதியின்படி 'பல' என்பது ஏற்கத்தக்க பெயர். 'சில' என்பது பிழை. 'மீன்', 'வலை', 'தோணி' ஆகிய யாவும் பிழை. தமிழிலக்கணம் உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவே கொள்ளும் என்பது இவ்விதியில் இடம்பெறவில்லை.

இதற்கும் ஒரு நியாயம் கூறப்படுவதை மறைத்தலாகாது. 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றினாலும், எகரக் குறியையும் கால்குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வேறு. ஒரு சாவிப்பலகையில் எழுதப்பட்ட பெயரை மற்றொன்றில் எழுதப்பட்ட பெயரோடு ஒப்பிடும்போது அவை பொருந்தாமற் போகலாம். சேர்குறிகளை விலக்குவதால் இச்சிக்கல் தவிர்க்கப்படுகின்றது என்பது உண்மை. ஆனால் தவிர்ப்பது ஒன்றே வழியன்று. 2008இல் வெளிவந்த பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு இத்தகைய பெயர்களை ஒரே வடிவுக்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடுகின்றது. புதிய சீ நியமம் பெயர்கள் அவ்வொரே வடிவிலேயே எழுதப்படுதல் வேண்டும் என விதிக்கின்றது. தீர்வு அறியப்பட்டிருந்தது, அதன் சிறுசெலவை ஏற்பதா என்பதே வினாவாயிருந்தது. டேனியருக்காக அச்செலவு ஏற்கப்பட்டது.

5. தேர்வுக்கான அளவுகோல்கள்

மேற்கூறியவற்றிலிருந்து சில அளவுகோல்களை வகுக்கலாம்.

முதலாவது, செய்நிரலை எழுதுவோரின் கருத்து எல்லாப் பொறிகளிலும் ஒன்றேயாயின், நியமமே அதனைத் தீர்த்துவைத்தல் வேண்டும். 'சில' என எழுதுவோன் எப்பொறியிலும் கருதுவது ஒன்றையே.

இரண்டாவது, வேறுபாடு உண்மையானதும், அதனை ஒழிப்பதற்கான செலவு மிகையானதும் ஆயின், அவ்வேறுபாட்டுக்குப் பெயரிட்டு, அதனை ஆவணப்படுத்துமாறு விதித்து, செய்நிரலே அதனை வினவி அறியும் வழியையும் தருதல் வேண்டும்.

மூன்றாவது, மொழிக்கன்றிப் பணிசெயல் முறைமைக்கு உரியவற்றைத் தனி நியமமாக வகுத்தல் நன்று. கோப்புறையிலுள்ள கோப்புகளைப் பட்டியலிடும் செயல் சீ நியமத்தில் இல்லை. 1988இல் வெளிவந்த பொசிக்ஸ் நியமத்தில் உண்டு. இதனால் இரண்டும் தத்தம் வேகத்தில் வளர முடிந்தது.

நான்காவது, எக்கட்டுப்பாடும் விதிக்காது விடுதல் இறுதிப் புகலிடமாக மட்டுமே அமைதல் வேண்டும். அதற்குரிய காரணம் மறைந்ததும் அதுவும் மீளாய்வுக்கு உட்படுதல் அவசியம்.

ஐந்தாவது, எதனையேனும் 'இடஞ்சார்ந்தது' எனக் கூறி ஒதுக்கும்போது, எவ்விடத்திலிருந்து நோக்கி அவ்வாறு கூறுகின்றோம் என வினவுதல் வேண்டும். ஆங்கில எழுத்து பொதுவானதெனவும் தமிழெழுத்து இடஞ்சார்ந்ததெனவும் தோன்றுவது எழுத்துகளின் இயல்பினாலன்று; குழுவின் மேசையைச் சுற்றி அமர்ந்தோரின் பழக்கத்தினாலேயாம்.

முடிவுரை

மட்டக்களப்புத் தென்பகுதியின் காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1930களில் சென்னையில் கலைச்சொல் ஆக்க முயற்சிகளில் முன்னின்று உழைத்தார். இரு கரைகளின் அறிஞரும் ஒரே மேசையில் அமர்ந்த காலம் அது. அப்பணி தொடர்ச்சியாகக் கூட்டாக நடைபெற்றிருப்பின் 'நிறை' இருபொருள் பட்டிருக்குமா என்பது சிந்தனைக்குரியது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பின்னர் தனித்தனியே பாடநூல்கள் எழுந்தன. வேறுபாட்டைப் பெயரிட்டுப் பதிவுசெய்யும் பொறுப்பு எவருக்கும் இருக்கவில்லை.

கணினித் துறையில் அத்தவறு மீள நிகழ வேண்டியதில்லை. தமிழ் வரியுருக்களின் குறிமுறைக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இல் நியமம் வகுத்துள்ளது. அது முதற்படி. மொழி நியமங்களை வகுக்கும் சர்வதேசக் குழுக்களில், எப்பெயர் ஏற்கப்படும், எவ்வடிவம் ஒப்பிடப்படும் என்பன போன்ற சிறுவிதிகள் தீர்மானிக்கப்படும் வேளையில், தமிழை அறிந்தோர் இருத்தல் அடுத்த படி. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பிழைகளைச் சான்றுடன் பதிவுசெய்யும் பொறுமையும், நியமங்களை வரிவரியாக வாசிக்கும் பயிற்சியும் போதும். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் உட்பட எமது பல்கலைக்கழகங்களின் கணினித் துறைகளும் தமிழ்த் துறைகளும் இணைந்து ஏற்கத்தக்க பணி இது. 'பல' ஏற்கப்பட்டு 'சில' மறுக்கப்படும் விதி எவருடைய தீயெண்ணத்தாலும் எழுந்ததன்று. சேர்குறிகளை விலக்கியதன் விளைவே அது.